தந்தையார் விட்டுச்சென்ற வண்டி

தொண்டைமானாற்றுக் கரையிலே வீடுகட்டி வாழ்பவர்களுக்கு இரும்பின் ஆயுள் எவ்வளவு என்பது நன்கு தெரியும். ஒருபுறம் கடல், மறுபுறம் வடமராட்சிக் கடல்நீரேரி கடலோடு கலக்கும் ஆற்றுவாய். வாடை வீசினாலும் சோளகம் வீசினாலும் காற்றிலே உப்பு இருக்கும். கிணற்றுக் கப்பியும் கதவுப் பிணைச்சலும் படலைக் கொளுக்கியும் எமது ஊரில் மற்றை ஊர்களைவிட விரைவாகவே துருவேறும். இத்தகைய ஊரிலே ஒரு மோட்டார் சைக்கிளைப் பதினெட்டு ஆண்டுகள் சாக்கினால் மூடிக் கொட்டிலில் நிறுத்தி வைத்துவிட்டு, பின்பு ஒருநாள் அதை எடுத்து ஓட்டலாம் என்று எண்ணுவது பேதைமை என்று வாசக அன்பர்கள் கூறலாம். நாமும் அவ்வாறே கருதியிருந்தோம். ஆயினும், 2022 ஆம் ஆண்டு எம்மை அவ்வாறு எண்ண வைத்தது.

அவ்வாண்டின் நடுப்பகுதியில் நாடு முழுவதும் பெற்றோல் இல்லாது தவித்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். நிரப்பு நிலையங்களின் முன்னே வரிசைகள் கிலோமீற்றர் கணக்கில் நீண்டன. பஸ்கள் குறைந்தன. முச்சக்கரவண்டிக்குக் கொடுக்கும் கூலியோ எம்போன்ற ஓய்வூதியக்காரருக்கு எட்டாத உயரத்துக்குச் சென்றது. எண்பது வயதைக் கடந்த எமது அன்னையாரை மாதந்தோறும் மந்திகை ஆஸ்பத்திரிக்குக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அவரது இருதயத்துக்குரிய மாத்திரைகளை அங்கே பரிசோதித்த பின்னரே தருவார்கள். இரண்டு மாதங்கள் அவர் போகவில்லை. “ஒண்டும் செய்யாது தம்பி, பழைய குளிசை கிடக்கு” என்று சொல்லி, ஒரு மாத்திரையை இரண்டாக உடைத்து இரண்டு நாளைக்குப் பாவித்து வந்தார். அதை நாம் அறிந்த இரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

புதிய மோட்டார் சைக்கிள் வாங்கலாமெனில், 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலிருந்து வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்த பழைய வண்டிகளின் விலையோ புதியவற்றின் பழைய விலையை விஞ்சிவிட்டது. கனடாவிலிருக்கும் தம்பி பணம் அனுப்புகிறேன் என்றான். அவனுக்கு அங்கே இருக்கும் சுமைகளை நாம் அறிவோம். அந்நிலையிலேதான் கொட்டிலின் மூலையிலிருந்த சாக்கு மூட்டை எம் கண்ணிற் பட்டது.

அஃது எமது தந்தையாரின் ஹொண்டா எம்.டி. 90. இவ்வண்டியின் குலம் கோத்திரத்தைச் சிறிது சொல்ல வேண்டும். 1958 ஆம் ஆண்டில் ஹொண்டா நிறுவனம் ‘சூப்பர் கப்’ என்னும் சிறு மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. 2017 ஆம் ஆண்டில் அவ்வகை வண்டிகளின் எண்ணிக்கை பத்துக் கோடியை எட்டியது. மோட்டாரினால் ஓடும் வாகனங்களில் அவ்வளவு தொகையாகச் செய்யப்பட்ட வேறோர் இனம் இல்லை. ஒரு கையில் உணவுத் தட்டை ஏந்திச் செல்பவனும் மறு கையால் ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அதன் வடிவமைப்பு நோக்கங்களுள் ஒன்று. ஆதலின் இடக்கைக்குக் கிளச் பிடிக்கும் வேலை இல்லை. அதனைப் பொறியே பார்த்துக்கொள்ளும். அக்குடும்பத்திலே யப்பானியத் தபாற் சேவைக்கென்று எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து செய்யப்பட்ட பிள்ளைதான் எம்.டி. வண்டி. சிவப்பு நிறம், முன்னும் பின்னும் பொதி வைக்கும் இரும்புத் தட்டு. அங்கே தபாற்காரர் ஓட்டிக் கழித்தவை இங்கே வந்து இரண்டாம் பிறவி எடுத்தன. 1982 ஆம் ஆண்டில் ஒரு வியாபாரியிடம் தந்தையார் அதனை வாங்கினார். அவர் பாடசாலை ஆசிரியர். “வாத்தியார் தபால் கொண்டு வாறார்” என்று ஊர்ப் பிள்ளைகள் சிரித்ததை இன்றும் நினைவு கூருகின்றோம்.

2004 ஆம் ஆண்டில் அவர் காலமானார். நாம் அப்போது வெளியூரில் உத்தியோகத்தில் இருந்தோம். வண்டியை யாரும் தொடவில்லை. ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பின்னரும் தொட மனம் வரவில்லை. பழைய இரும்பு வாங்குவோர் படலையில் மணியடிக்கும்போதெல்லாம் அன்னையார்தாம், “உதைக் குடுத்துவிடு தம்பி. இடமாவது மிஞ்சும்” என்பார். ஆனால், இரும்புக்காரன் உள்ளே வந்தால் அவரே ஏதோ ஒரு சாட்டுச் சொல்லி அனுப்பியும் விடுவார்.

சாக்கை நீக்கிப் பார்த்தோம். இரண்டு ரயர்களும் வறண்ட குளம் போல் வெடித்திருந்தன. இருக்கைக்குள் எலி குடியிருந்தது. உதைக்கும் மிதியை மிதித்தோம். அது கல்லிலே காலை ஊன்றியது போல் அசையாது நின்றது. இன்னும் ஒருமுறை பலங்கொண்டு மிதிக்க எண்ணி வண்டியின்மேல் ஏறியபோது, எமது மருமகன் ஓடிவந்து தடுத்தான். அவன் உயர்தர வகுப்பில் பௌதிகம் படிப்பவன். “மாமா, உள்ளுக்குப் பிஸ்டன் இறுகியிருந்தால் ஏதாவது உடைஞ்சுபோம்” என்றான். அறிவு வயதைப் பார்ப்பதில்லை என்று எண்ணி இறங்கிவிட்டோம்.

வல்வெட்டித்துறையில் ஒரு முதிய மெக்கானிக் இருக்கிறார். இவ்வினத்து வண்டிகளைப் பிரித்துப் பூட்டியே தலை நரைத்தவர். அவ்வூரின் கைத்திறன் இன்று நேற்றுத் தோன்றியதன்று. அங்கே கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல் 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம்வரை சென்று சேர்ந்ததென்பது வரலாறு. மரத்திலே அவ்வளவு வேலை செய்த ஊர், இரும்புக்கும் அஞ்சவில்லை. அப்பெரியவர் எமது கொட்டிலுக்கு வந்தார், வண்டியைச் சுற்றி இருமுறை நடந்தார், எதையும் தொடவில்லை. பின்பு சொன்னார்: “தம்பி, இதை ஓடப் பண்ணலாம். ஓடுறது வேறை, நம்பி ஓடுறது வேறை. அம்மாவை ஏத்திறதெண்டால் இரண்டாவதுதான் வேணும். அதுக்கு அவசரப்படக் கூடாது.”

அதன்பின் அவர் வகுத்துத் தந்த முறை மிக எளிது. இயந்திரம் உயிர் பெறுவதற்கு மூன்று பொருள்கள் வேண்டும்: எரிபொருள், மின்பொறி, அமுக்கம். இம்மூன்றில் எது குறைகிறது என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஒரே நாளில் இரண்டைத் தொடக்கூடாது. இரண்டைத் தொட்டால், எதனால் குணமாயிற்று என்பது தெரியாது; நோய் திரும்பி வந்தால் மருந்தும் தெரியாது. வைத்தியம் பார்க்கும் எவருக்கும் இது பொருந்தும் என்று எமக்குத் தோன்றியது.

முதலில் இறுகிய பிஸ்டன். பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே டீசலும் இயந்திர எண்ணெயும் கலந்து ஊற்றி, அப்படியே விட்டோம். ஒவ்வொரு மாலையும் காந்தச் சக்கரத்தின் நடுவிலுள்ள நட்டில் ஸ்பனரை வைத்து, குழந்தையின் கையைப் பிடிப்பது போல மெல்ல அசைத்துப் பார்த்தோம். எட்டு நாட்கள் அசையவில்லை. ஒன்பதாம் நாள் மாலை, சந்நிதியில் மணி கேட்கும் நேரத்தில், ஒரு நெல்லளவு அசைந்தது. மருமகன் கூவிவிட்டான்.

அடுத்து எரிபொருள். இவ்வண்டியின் தாங்கி இருக்கைக்குக் கீழே உள்ளது. அதனைக் கழற்றிக் குலுக்கியபோது செங்கற்றூள் போலத் துரு கொட்டிற்று. கடையில் விற்கும் அமிலங்களை வாங்க வேண்டாமென்று மெக்கானிக் ஐயா கூறினார். அன்னையாரிடம் பழம்புளி வாங்கிக் கரைத்துத் தாங்கியை நிரப்பி, ஒரு பகலும் ஓரிரவும் வைத்தோம். செம்புக் குடத்தைப் புளி துலக்குவதுபோலவே இரும்பின் துருவையும் அது கரைக்கும். பின்பு பழைய துவிச்சக்கரவண்டிச் செயின் ஒன்றை உள்ளே விட்டுக் குலுக்கினோம். கூழாங்கல்லும் போடலாம், ஆனால், போட்ட கற்களை எண்ணி எடுப்பது கடினம், செயினோ ஒரு முனையைப் பிடித்தால் முழுவதும் வந்துவிடும். அதன்பின் அப்பச்சோடா நீரால் அலசி, வெயிலில் உலர்த்தி, சிறிதளவு பெற்றோலால் கழுவினோம். காபரேற்றரின் உள்ளே பழைய எரிபொருள் பனங்கட்டிப் பாகு போல் இறுகிக் கிடந்தது. பெற்றோல் வரும் சிறு துளையை ஒரு தனிச் செப்புக் கம்பி இழையால் மட்டுமே குத்த வேண்டும். ஊசியாற் குத்தினால் துளை பெருத்து வண்டி என்றென்றும் அதிகமாகக் குடிக்கும்.

மூன்றாவது மின்பொறி. பொறியை உண்டாக்கும் பொயின்ற் இரண்டும் ஒன்றையொன்று தொடும் முகத்தில் பச்சை பிடித்திருந்தது. மெல்லிய அரத்தாளால் தேய்த்து, திறக்கும்போது இடைவெளி 0.3 மில்லிமீற்றருக்கும் 0.4 மில்லிமீற்றருக்கும் இடையில் இருக்குமாறு வைத்தோம். பிளக்கின் இடைவெளியை 0.6 இலிருந்து 0.7 வரை வைத்தோம். மின்கம்பிகளைப் பார்த்தபோதுதான் எமது கை சற்றுத் தயங்கியது. முறுக்கிய இணைப்புகள் யாவும் காயத்துக்கு ஒட்டும் மருத்துவப் பிளாஸ்ரரால் சுற்றப்பட்டிருந்தன. பற்றரிப் பெட்டியினுள் பற்றரி இல்லை. ஒரு குறடும், நூற்பந்தும், கட்டைப் பென்சிலும் இருந்தன. தந்தையாரின் பென்சில்.

நான்காம் கட்டமாக அமுக்கத்தைப் பார்க்கத் தலைப்பகுதியைத் திறந்தோம். பிஸ்டன் தலையிலே கரி கனமாகப் படிந்திருந்தது. சிலிண்டரைக் கழற்றியபோது மெக்கானிக் ஐயா ஒரு தகட்டை எடுத்து விளக்கின் முன் பிடித்தார். சிலிண்டரின் அடிப்பாகத்தில், கடதாசி வளையத்தோடு மேலதிகமாக, அலுமினியத்தில் வெட்டிய ஒரு தகடு வைக்கப்பட்டிருந்தது. ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் தடிப்பு. தொழிற்சாலையில் வெட்டியதன்று, அதன் ஓரம் முழுவதும் அரத்தின் தழும்புகள் தெரிந்தன. சமையற் பாத்திரத்தில் வெட்டியது என்பதற்கு அடையாளமாக ஒருபுறம் சற்று வளைந்திருந்தது. “இது கொப்பாவின்ர வேலை. மண்ணெண்ணெய்க் காலம்” என்றார் பெரியவர்.

இன்றைய இளைஞர்களுக்கு அக்காலத்தை விளக்கிக் கூற வேண்டும். 1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்ட பின்னர், குடாநாட்டுக்குள் பெற்றோலும் பற்றரியும் வருவது தடைப்பட்டது. மின்சாரம் அற்றுப் போயிற்று. கிடைத்த சொற்ப மண்ணெண்ணெயில் வீடுகளும் வண்டிகளும் வாழ வேண்டியிருந்தது. பெற்றோல் குளிர்ந்த நிலையிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் சூடேறினாலன்றி நன்கு ஆவியாகாது. ஆகையால் ஒரு சிறு போத்தலில் உயிரைப் போல் வைத்திருக்கும் பெற்றோலில் சில துளிகளைக் கொடுத்து வண்டியைக் கிளப்புவார்கள். இயந்திரம் சூடானதும் குழாயை மண்ணெண்ணெய்க்குத் திருப்புவார்கள். புகை வெள்ளையாகக் கிளம்பிக் கண்ணை எரிக்கும். அமுக்கம் கூடிய இயந்திரத்தில் மண்ணெண்ணெய் முறைதவறி வெடித்து, சுத்தியலால் தட்டுவது போல் ஒலித்துப் பிஸ்டனைக் கெடுக்கும். அதற்குப் பரிகாரம் அமுக்கத்தைக் குறைப்பது. அமுக்கத்தைக் குறைக்கச் சிலிண்டரைச் சற்று உயர்த்துவது. அதற்கே அந்தத் தகடு.

மருமகன் தனது கொப்பியை எடுத்தான். எமது ஊரின் வெளிக்கள நிலையம் நடத்தும் பரீட்சைகளில் வரும் கணக்குகளைப் போலவே இதையும் செய்தான். சிலிண்டரின் விட்டம் 50 மில்லிமீற்றர், அசைவு 45.6 மில்லிமீற்றர், கொள்ளளவு 89 கன சென்ரிமீற்றருக்குச் சற்று மேல். ஒரு மில்லிமீற்றர் தகடு மேலிடத்தில் ஏறக்குறைய 2 கன சென்ரிமீற்றரைக் கூட்டுகிறது. எட்டுக்குச் சற்று மேலாக இருக்க வேண்டிய அமுக்க விகிதம் ஏழுக்குச் சற்று மேலே இறங்கிவிடுகிறது. “அப்பப்பா... இல்லை, அம்மப்பா இதைக் கணக்குப் பார்த்தோ வெட்டினவர்?” என்று கேட்டான். எமக்குத் தெரியவில்லை. அவர் சரித்திரம் படிப்பித்தவர்.

ஆனால், அக்காலத்தில் வேறொரு கணக்கை அவர் நாள்தோறும் பார்த்ததை நாம் அறிவோம். சங்கக்கடையிற் கிடைக்கும் மண்ணெண்ணெயை இரண்டு போத்தல்களில் ஊற்றுவார். ஒன்று எம் தங்கை படிக்கும் ஜாம் போத்தல் விளக்குக்கு; மற்றையது வண்டிக்கு. விளக்குப் போத்தல் குறைந்தால் வண்டிப் போத்தலிலிருந்து எடுத்து நிரப்புவார். ஒருநாளும் மறுபுறமாக ஊற்றியதில்லை. 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் முப்பதாம் நாள் வலிகாமம் முழுவதும் எழுந்து வந்தபோது, எம் வீட்டில் நான்கு குடும்பங்கள் தங்கின. அந்நாட்களில் அவ்வண்டியின் பின்தட்டில் அரிசி வந்தது, கிழவிகள் வந்தார்கள், ஒருமுறை பிரசவ வேதனையோடு ஒரு பெண்ணும் சென்றாள். அவள் பெற்ற பிள்ளை இன்று இலண்டனிலே இருக்கிறான்.

அடுத்த ஆண்டின் பின்னர் பெற்றோல் சிறிது சிறிதாகக் கிடைக்கத் தொடங்கியது. ஆயினும் தந்தையார் தகட்டைக் கழற்றவில்லை. அதனால் வண்டி ஏற்றங்களில் இளைத்தது, எண்ணெய் கெட்டது, வாழ்நாளின் இறுதிவரை அப்படியே ஓட்டினார். ஏன் என்று அன்னையாரைக் கேட்டோம். “திரும்பவும் தட்டுப்பாடு வருமெண்டு பயம். எத்தினை தரம் கழட்டிப் பூட்டிறது எண்டு சொல்லுவார்” என்றார்.

அவர் பயந்தது பொய்யாகவில்லை. அவர் மறைந்து இரண்டாண்டுகளில், 2006 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், ஏ9 வீதி மூடப்பட்டுக் குடாநாடு மீண்டும் தவித்தது. இப்போது 2022. தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாம் நின்ற வேளையிலும் வெளியே பெற்றோல் வரிசை நின்றது. மெக்கானிக் ஐயா, “இதை என்ன செய்யிறது தம்பி? வைக்கிறதோ, எடுக்கிறதோ?” என்று கேட்டார். உடனே விடை கூற எம்மால் இயலவில்லை. வைத்தால், எக்காலத்துக்கும் ஆயத்தமான வண்டி. ஆனால், எந்நாளும் இளைக்கும் வண்டி. எடுத்தால், நல்ல வண்டி. ஆனால், நல்ல காலத்தை நம்பும் வண்டி. ஓரிரவு பொறுத்துச் சொல்கிறோம் என்றோம்.

காலையில், எடுத்துவிடுங்கள் என்றோம். நாடு திருந்திவிட்டது என்ற துணிவினாலன்று. அன்னையார் பின்னால் இருக்கும்போது பாலத்து ஏற்றத்தில் வண்டி நின்றுவிடக் கூடாது என்ற ஒரே எண்ணத்தினால். தகட்டை எறியவில்லை. துடைத்து, எண்ணெய் பூசி, பென்சிலோடும் நூற்பந்தோடும் அதே பெட்டியில் வைத்தோம்.

புதிய பிஸ்டன் வளையங்களும் கடதாசி வளையங்களும் பிறேக் கட்டைகளும் கொழும்பிலிருந்து ஓர் உறவினர் மூலம் வந்து சேர ஆறு வாரங்கள் ஆயின. வால்வுகளின் இடைவெளியை, இயந்திரம் குளிர்ந்திருக்கையில், 0.05 மில்லிமீற்றருக்கு வைத்தோம். அது மெல்லிய கடதாசியின் தடிப்பை ஒத்தது. ரயரும் ரியூப்பும் செயினும் மின்கம்பிகளும் மாற்றினோம். எண்ணெயை ஊற்றி, அரைமணி நேரம் ஓடவிட்டு, உள்ளே கிடந்த கசடெல்லாம் அதனோடு வரும்படி சூட்டோடு வடித்து, மீண்டும் புதிதாக ஊற்ற வேண்டும் என்பது பெரியவரின் கட்டளை. இதற்கிடையில் வண்டியின் பதிவை எமது பெயருக்கு மாற்றி, வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் பெற்றோம். ஜூலையில் அறிமுகமான எரிபொருள் அனுமதி முறையில் ஒரு மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று தொடங்கியிருந்தார்கள். மந்திகைக்கு அது தாராளம்.

முதல்முறை கிளப்பிய நாள் புரட்டாதிச் சனி. ஏழாவது மிதியில் ஒரு தும்மல், பத்தாவதில் முழங்கிற்று. முற்றம் முழுவதும் புகை. அன்னையார் விறாந்தைக்கு வந்து தூணைப் பிடித்தபடி நின்றார். ஒன்றும் பேசவில்லை. சற்று நேரத்தில் உள்ளே சென்றுவிட்டார். அன்றைய உணவோடு எவரும் கேளாமலே பாயசம் இருந்தது.

இத்துடன் கதை முடிந்ததென்று நாம் எண்ணினோம். முடியவில்லை. முற்றத்தில் மணிக்கணக்காக ஓடிய வண்டி, வீதியில் இறக்கினால் மூன்று கிலோமீற்றரில் நின்றுவிடும். வல்வெட்டித்துறைக்குச் செல்லும் கடலோர வீதியில் முதன்முறை நின்றபோது, பெற்றோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்தோம், இருந்தது. மூடிவிட்டு மிதித்தோம், ஓடிற்று. மறுநாளும் அவ்வாறே. மெக்கானிக் ஐயா கொண்டென்சரை மாற்றினார்; பயனில்லை. கொயில் சூட்டில் தளர்கிறதோ என்று அதையும் மாற்றினார், பயனில்லை. காபரேற்றரை மூன்றாம் முறை கழற்றினோம். இரண்டு வாரங்கள் சென்றன. “ஓடுறது வேறை, நம்பி ஓடுறது வேறை” என்ற சொல் இப்போது எமக்கு முள்ளாய்க் குத்தியது. கிளினிக் நாள் நெருங்கிக் கொண்டிருந்தது.

ஒரு மாலை, மீண்டும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வியர்வை வழிய வீடு வந்தோம். விறாந்தையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அன்னையார் தலை நிமிராமலே கேட்டார்: “மூடியைத் திருப்பிப்போட்டோ தம்பி போனனி?”

எந்த மூடி என்று கேட்டோம்.

“பெற்றோல் மூடிதான். கொப்பா வெளிக்கிடேக்கை ஒவ்வொரு நாளும் சீற்றைத் தூக்கி மூடியைக் கொஞ்சம் இளக்கிவிடுவார். வந்தாப்போலை திரும்ப இறுக்குவார். அந்தச் சின்ன ஓட்டையை அடைச்சவரெல்லோ! அதாலை பெற்றோல் ஆவியாய்ப் போகுதெண்டு.”

மூடியைக் கழற்றிப் பார்த்தோம். நடுவிலே காற்றுப் புகுவதற்கென்று இருக்க வேண்டிய ஊசித்துளை ஈயத்தால் அடைக்கப்பட்டு, அடைத்த அடையாளமும் தெரியாமல் தேய்க்கப்பட்டிருந்தது. தாங்கியிலிருந்து பெற்றோல் இறங்க இறங்க, அவ்விடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால், விரலால் மேல்வாயை அடைத்த குழாயில் நீர் நிற்பதுபோல, பெற்றோல் இறங்காது நின்றுவிடும். நாம் ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து பார்த்தபோதே நோய் தீர்ந்தது. மூடியபோதே மீண்டும் தொடங்கியது. மருந்தைக் கையால் தொட்டுக்கொண்டே இரண்டு வாரங்கள் நோயைத் தேடியிருக்கிறோம்.

ஆவியாகும் சில துளிகளைக் கூட இழக்க அஞ்சிய ஒரு காலத்தின் வேலை அது. அதனைக் குறை கூற எமக்கு வாய் எழவில்லை. எம்மைத்தான் குறை கூற வேண்டியிருந்தது. மெக்கானிக்கைக் கேட்டோம், மருமகனைக் கேட்டோம், கனடாவிலிருக்கும் தம்பியையும் தொலைபேசியிற் கேட்டோம். இருபத்திரண்டு ஆண்டுகள் அவ்வண்டி படலை தாண்டிப் போவதையும் திரும்பி வருவதையும் நாள்தோறும் பார்த்து நின்றவரை மட்டும் கேட்கவில்லை. மோட்டார் சைக்கிளைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று எம் மனத்தின் ஓரத்திலே இருந்த எண்ணத்துக்காக இன்றும் வெட்கப்படுகின்றோம்.

பழைய வண்டியை மீட்க விரும்பும் அன்பர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுவே. இறுகியதை உதைக்காதீர்கள், காத்திருங்கள். ஒரே நாளில் இரண்டைத் தொடாதீர்கள். பழுதென்று கண்டதையெல்லாம் முன்னவரின் அறியாமை என்று எண்ணாதீர்கள். அது அவர் காலத்துக்கு மருந்தாக இருந்திருக்கலாம். அந்த மருந்தை நிறுத்துமுன், அவரோடு வாழ்ந்தவர் எவரேனும் வீட்டில் இருந்தால், ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஈயத்தை நீக்கித் துளையைத் திறந்தோம். அதன்பின் வண்டி ஒருநாளும் வழியில் நின்றதில்லை. 2025 ஆம் ஆண்டில் வாகன இறக்குமதிக்கு மீண்டும் இடமளித்தார்கள். புதிய வண்டிகள் கடைகளில் வந்து நிற்கின்றன. நாம் அவற்றைப் பார்ப்பதோடு சரி. மாதந்தோறும் கிளினிக் நாளில், பின்தட்டில் பொருத்திய மெத்தை இருக்கையில் அன்னையார் ஒருபுறமாக அமர்ந்து, ஒரு கையால் எமது தோளையும் மறு கையால் மருந்துக் கொப்பியையும் பிடித்துக்கொள்வார். மாத்திரைகளை அவர் இப்போது உடைப்பதில்லை.

ஏறுமுன் மட்டும் ஒரு கேள்வி தவறாது வரும்: “மூடியைத் திருப்பினியோ?”

துளை திறந்துவிட்டது, இனி அது தேவையில்லை என்று முதல் மாதம் விளக்கமாகச் சொன்னோம். முழுவதையும் கேட்டுவிட்டு, “எண்டாலும் ஒருக்காப் பார் தம்பி” என்றார். அன்றுதொட்டு ஒவ்வொரு முறையும் இருக்கையைத் தூக்கி மூடியைத் திறந்து பார்த்துவிட்டே புறப்படுகின்றோம். பெற்றோல் எவ்வளவு இருக்கிறது என்பதும் அப்போது தெரிந்துவிடுகிறது.